ஏழாம் குழியில் ஏர்

பத்தங்காஸ்,
3 மே 1998

அன்புள்ள செவெரோவுக்கு,

உங்கள் மனைவி ஃபிடெலா எழுதுவது. இந்தக் கடிதம் எந்தத் துறைமுகத்தில் உங்கள் கைக்கு வருமோ தெரியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் தம்பி டென்சியோ உயிரோடு இருக்கிறான். பிள்ளைகள் இருவரும் என் அக்கா வீட்டில் நலம். மற்றதை உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் கப்பல் ஏறியதிலிருந்து மழை இல்லை. கோல்ஃப் கிளப்காரர்கள் ஓடையை மேலேயே மறித்துத் தங்கள் குளத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். ஊர்க் கிணறுகளில் இறைத்தால் சேறுதான் வருகிறது.

கோல்ஃப் மைதானமும் வைக்கோல் நிறமாகிவிட்டது. மற்றப் புல்வெளி எல்லாம் காயட்டும், குழி இருக்கும் பச்சை வட்டங்கள் மட்டும் சாகக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. ஏழாம் குழி வட்டம் என் பொறுப்பு. விடியலில் வேர் நனைய நீர் விடுவேன். உச்சி வெயிலில் புல் நீலம் பாய்ந்து சுருளும். அப்போது சாரல் போலத் தூவி அதைக் குளிர வைக்க வேண்டும். மண் இறுகிய இடங்களில் கம்பியால் குத்திக் குத்தித் தண்ணீரை இறக்குவேன். மற்ற வட்டங்கள் திட்டுத்திட்டாகச் செத்தன. என்னுடையது சாகவில்லை. எனக்கு அதில் பெருமைதான்.

வேலை முடிந்து வரும்போது என் கால்கள் ஈரமாக இருக்கும். டென்சியோ அதைப் பார்ப்பான். ஒருநாள் சோறும் கருவாடும் போட்டுக்கொண்டிருந்தபோது, "அண்ணி, உங்க காலைப் பிழிஞ்சா என் நாத்துக்கு ஒரு வேளைத் தண்ணி வரும்போல" என்றான். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். அவன் நாற்று அப்போதே கருகியிருந்தது என்று எனக்குத் தெரியாது.

போன திங்கட்கிழமை காலை நான் குழாயை இழுத்துக்கொண்டு போனால், அவன் எருமையைப் பூட்டி என் வட்டத்தின் நடுவே ஏர் ஓட்டிக்கொண்டிருக்கிறான். புல் பாய்போலச் சுருண்டு கவிழ்ந்து கிடக்கிறது. "வாங்க அண்ணி! என் வயல்ல கொழு எறங்கவே மாட்டேங்குது, பாறையாட்டம் கெடக்கு. இங்க பாருங்க, வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்குது!" என்று கத்தினான். வெளியே போடா, என் வேலை போய்விடும் என்றேன். "போகட்டுமே. புல்லுக்கு ஆயா வேலைதானே!" என்றான்.

குழாய் முனையில் இருந்த பித்தளைத் தலையால் ஓங்கி அடித்தேன். காதுக்கு மேலே பட்டது. மேழியை விட்டுவிட்டு மண்டி போட்டு உட்கார்ந்தான். விரல்களுக்கிடையே ரத்தம் வழிந்தது. "அடிச்சுட்டீங்களே அண்ணி" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

அதற்குள் காவலாளிகள் ஜீப்பில் வந்துவிட்டார்கள். அவர்கள் தலைவன் லகார்டா இறங்கியதும் எருமையின் நெற்றியில் சுட்டான். அது ஏரோடு சாய்ந்தது, உதைத்துக்கொண்டதில் மேழி முறிந்தது. டென்சியோ அலறிக்கொண்டு இடுப்பு அரிவாளை உருவினான். ஒரு காவலாளியின் தோள் பிளந்தது. மற்றவர்கள் அவனைக் கீழே தள்ளிப் பிடித்துக்கொள்ள, லகார்டா துப்பாக்கிக் கட்டையால் அவன் தலையில் அடித்தான். அசைவு நின்ற பிறகும் அடித்தான். நான் லகார்டாவின் முதுகில் ஏறிக் காதைக் கடித்தேன். பாதிக் காது என் வாயோடு வந்துவிட்டது. என்னை உதறித் தரையில் அறைந்ததில் எனக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் போயின.

துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஊரே வந்தது. காவலாளிகள் ஜீப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். ஊர்க்காரர்கள் ஜீப்பைக் கொளுத்தி, பம்ப் அறையைச் சம்மட்டியால் நொறுக்கினார்கள். எருமையை அங்கேயே அறுத்துப் பங்கு போட்டார்கள். நம் வீட்டுக்கும் ஒரு பங்கு வந்தது. நான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். "குடும்பச் சண்டைன்னு சொல்லிடும்மா. அண்ணி அடிச்சா, கொழுந்தன் விழுந்தான், அவ்வளவுதான். உன்மேல கேஸ் வராம நான் பாத்துக்கறேன். வேலையும் போகாது" என்றார். மண்டையை உடைத்தது லகார்டா என்றேன். "மொதல் அடி யாரோடது?" என்று கேட்டார். அது என்னுடையதுதான், செவெரோ. எந்த அடியில் எலும்பு விரிசல் விட்டது என்று ஆஸ்பத்திரி டாக்டரிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டும் ஒரே பக்கம், பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார்.

அதனால் நானே நகரத்துக்குப் போய் அரசு வக்கீலிடம் இரண்டையும் சொன்னேன். நான் இங்கே ஒரு முறை அடித்தேன், லகார்டா இங்கெல்லாம் அடித்தான் என்று என் தலையிலேயே தொட்டுக் காட்டினேன். கிளப் என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. லகார்டாவை நேற்று பிடித்துக்கொண்டு போனார்கள். என்னையும் கூப்பிடுவார்கள். தயாராகத்தான் இருக்கிறேன்.

டென்சியோவுக்கு வலது கை எழவில்லை. ஒரு கண் திறக்கவில்லை. யார் வந்தாலும் உங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். இன்று காலை கஞ்சி ஊட்டும்போது மட்டும் என்னை அடையாளம் கண்டு, "எருமைக்குத் தண்ணி காட்டினீங்களா அண்ணி?" என்று கேட்டான். காட்டினேன் என்றேன்.

கப்பலை விட்டு இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வழியில் யாருடைய வீட்டுக்கும் போகாதீர்கள், கையில் எதையும் எடுக்காதீர்கள். உங்கள் கோபம் எனக்குத் தெரியும். என்னிடம் கேட்க வேண்டியதை அவன் கட்டிலருகே மட்டும் கேட்காதீர்கள். வெளியே வராந்தாவுக்குக் கூப்பிடுங்கள், வருகிறேன். அதுவரை மாதா உங்களையும் உங்கள் கப்பலையும் காக்கட்டும்.

நீங்கள் இன்னும் அப்படி அழைப்பீர்களானால்,
உங்கள் ஃபிடெலா