வில்லியனூருக்கு வந்த கடற்பஞ்சு

மச்சான்,

இந்த மடலில் எழுதப்போவதை யாரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன். வில்லியனூர் நம்பாது, பாகூர் நம்பாது. கூடவே உட்கார்ந்திருந்த நீயே இன்று இருந்தால், "வுடு மச்சான், ரொம்ப ஓட்டாத" என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எழுந்துவிடுவாய். இப்போது நீ எழுந்துபோக முடியாத இடத்தில் இருக்கிறாய். முழுவதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நேற்று பேத்திக்குத் தங்கமீன் வாங்க மூலக்குளத்தில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். பஸ் புகைக்கும் பரோட்டா வாசனைக்கும் நடுவே திடீரென்று கடல் வாசனை. உள்ளே நீல விளக்கின் கீழ் ஒரு உப்புத்தண்ணீர்த் தொட்டி. கடைக்காரர் ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சு ஒன்றை யாருக்கோ கட்டிக்கொண்டிருந்தார். பஞ்சை அவர் வெளியே எடுக்கவே இல்லை. பிளாஸ்டிக் பையைத் தண்ணீருக்குள் முக்கி, உள்ளேயே பஞ்சை அதற்குள் தள்ளி, உள்ளேயே பையின் வாயை முறுக்கினார். ஏன் என்று கேட்டேன். "காத்து பட்டா செத்துடும் சார். உள்ள பூந்த காத்து வெளிய வராது" என்றார், ஊருக்கே தெரிந்த சமாச்சாரம்போல. நான் தங்கமீனை மறந்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கினேன். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க நீ பட்ட பாட்டை அங்கே நின்று சொல்லியிருந்தால் அவர் கடையைச் சாத்தியிருப்பார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மண்ணாடிப்பட்டிலிருந்து பாகூர் வரை எந்தக் கரும்புக் கொல்லையில் பம்புசெட் இருமினாலும் வில்லியனூரில் உன் பட்டறையைத் தேடித்தான் வருவார்கள். ஆயில் இன்ஜின் ஓடுகிற சத்தத்தை வைத்தே அதன் சொந்தக்காரருக்கும் அவர் மாமியாருக்கும் பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவாய். இதை நான் பல கல்யாணப் பந்திகளில் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் மறுத்ததில்லை. உன் தங்கையைக் கட்டிய உரிமையில் உன் ஸ்கூட்டரின் பின் இருக்கை எனக்கு.

அப்படித்தான் ஒரு நாள் படகு மோட்டார் ஒன்றைப் பார்க்கக் குப்பத்துக்குப் போனோம். வேலை முடிந்து, படகில் உட்கார்ந்து ஓட்டிப்பார்க்கும்போது, கடல் பாலத்தின் தூணில் ஒட்டியிருந்த ஆரஞ்சுக் கட்டி உன் கண்ணில் பட்டது.

"இன்னாபா அது, செடியா?"

"செடியும் இல்ல, மீனும் இல்ல" என்றார் படகுக்காரர். "கடப்பஞ்சு. நகராது, ஒரு வேல செய்யாது, சும்மா ஒட்டிக்கினு கீது. உன் மச்சான் மாதிரின்னு வச்சிக்கயேன்."

படகே குலுங்கச் சிரித்தீர்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். உடம்பெல்லாம் ஊசித் துவாரம், உச்சியில் மட்டும் பெரிதாக ஒரு வாய். "மேல எதுக்கு மச்சான் அவ்ளோ பெரிய ஓட்ட? வேல இல்லாம எவனும் ஓட்ட போடமாட்டான்" என்றாய். அன்று பிடித்தது உனக்குக் கிறுக்கு.

பட்டறை மூலையில் இரும்புச் சட்டமும் ஜன்னல் கண்ணாடியும் வைத்து ஒரு தொட்டி கட்டினாய். அதை நகர்த்த நான்கு ஜோடி மாடு கேட்டது என்று நான் சொல்லிவருகிறேன். பாசி படியாமலிருக்க வெயில் பக்கம் சாக்குப் படுதா. தண்ணீருக்குள் காற்று விட, லாரி டியூப் ஒன்றை ஊதி, குளுக்கோஸ் ஏற்றும் குழாயை அதில் சொருகிக் கசியவிட்டாய். தொட்டியைப் பார்க்க வருகிறவர்கள் சைக்கிள் பம்பால் டியூபுக்குக் காற்று அடித்துவிட்டுத்தான் பார்க்கவேண்டும் என்பது நீ விதித்த வரி. அந்த வருஷம் வில்லியனூர் ஆண்களின் தோள்கள் திரண்டு கிடந்ததற்கு வேறு காரணம் கிடையாது. மீன் விற்க வரும் அம்மா கூடையோடு ஒரு கேன் கடல் தண்ணீரும் கொண்டுவந்து கொடுப்பார்.

முதல் பஞ்சை ஈரத் துணியில் சுற்றி, குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு வந்தோம். சில நாளில் அது சாம்பல் பூத்து நாறியது. இரண்டாவதும் அப்படியே. நாற்றம் என்றால் சாதாரண நாற்றமா? காட்டேரிக்குப்பத்துக்குப் போகவேண்டிய காக்கைகள் வழி மாறி உன் கூரைக்கு வந்தன. பாகூரில் ஆட்கள் தங்கள் செருப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். உன் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் தீர்ப்பைச் சொன்னாள்.

"அண்ணே, உங்க மச்சான்கிட்ட சொல்லிடுங்க. இன்னொரு வாட்டி இது நாறிச்சின்னா கண்ணாடிய கழட்டி கோழிக் கூண்டுக்கு வச்சிடுவேன். அப்புறம் கடலு, பஞ்சுன்னு இந்த வூட்ல பேச்சே இருக்கக்கூடாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். இன்னும் ஒரே ஒரு பஞ்சு கொண்டுவரத்தான் உனக்கு வாய்ப்பு மிச்சம். அந்த ஓட்டை எதற்கு என்று அதற்குள் தெரிந்தாகவேண்டும்.

செத்த பஞ்சைத் தூக்கி எறியும் முன் நீ அதைத் தண்ணீருக்குள் வைத்து அழுத்தினாய். பொறுபொறுவென்று குமிழி வந்தது. உன் முகம் மாறியதை இன்றும் பார்க்கிறேன். "ஏர் புடிச்சிருக்குது மச்சான், உள்ள காத்து அடச்சிருக்கு. தூணுலேர்ந்து வெளிய எடுத்தோம் பாரு, அப்பவே பூந்துட்டிருக்கு. பம்பா இருந்தா மேல தண்ணி ஊத்தி ஏர எடுத்துடுவேன். இதுக்கு எங்க ஊத்தறது?"

ஆக, மூன்றாவது பஞ்சு கடலிலிருந்து தொட்டிவரை ஒரு கணமும் தண்ணீரை விட்டு வெளியே வரக்கூடாது. பித்தளை அண்டா பச்சைக் களிம்பு விடும் என்று ஒதுக்கிவிட்டு, வாய் அகன்ற பெரிய மண்பானை வாங்கினாய். அதைப் பார்த்ததுமே பஸ் கண்டக்டர் நம்மை ஏற்றாமலே விசில் ஊதிவிட்டார். அந்த நேரம் பார்த்து மாசி மகம் வந்தது. ஊர்ச் சாமி கடலாடப் போகிற டிராக்டரை அன்று காலையில்தான் நீ ஓடவைத்திருந்தாய். அந்த நன்றியில், மாதா கோயில் குடும்பத்தில் பிறந்த நாம் இருவரும் சாமிக்கு வலப்பக்கமாகப் பானையோடு ஏறி உட்கார்ந்தோம்.

கடற்கரையில் சாமி முழுக்குப் போட்ட அதே வேளையில் படகுக்காரரும் முழுகி, தண்ணீருக்கடியிலேயே பஞ்சை அது ஒட்டியிருந்த சிப்பியோடு பானைக்குள் இறக்கிக் கொடுத்தார். பானை நிறையத் தண்ணீர், மேலே ஈரத்துண்டு. எல்லாம் சரி. ரெட்டியார்பாளையத்தில் தீபாராதனைக்கு வண்டி நின்றது. ஒரு கிழவி நேராக உன்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"தீர்த்தம் குடுப்பா."

"இது தீர்த்தம் இல்ல ஆயா, கடத்தண்ணி."

"கடத்தண்ணிதாண்டா தீர்த்தம். இன்னிக்கு மகம்டா."

கிழவிக்கு ஒரு கை கொடுத்தாய். அவள் பின்னால் தெருவே வந்தது. ஒருத்தி காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கென்று டம்ளரை நீட்டினாள், அவளுக்கு எப்படி மாட்டேன் என்பது? மூலக்குளம் வருவதற்குள் தண்ணீர் பஞ்சின் தலைக்குமேல் ஒரு விரல் அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்துக் கிணற்றில் இறைத்து ஊற்றுவோம் என்றேன். "நல்ல தண்ணி பட்டா காத்தவிட மோசம் மச்சான், பேசாம இரு" என்று பல்லைக் கடித்தாய். அடுத்த தெருவின் மேளச் சத்தம் கேட்டது. நீ சட்டையைச் சுருட்டி, முழங்கைவரை கையைப் பானைக்குள் விட்டாய். தண்ணீர் மேலே ஏறியது.

கையை எடுத்தால் இறங்கிவிடும். ஆகவே நீ எடுக்கவில்லை. அரும்பார்த்தபுரத்தில் மறுபடியும் டம்ளர்கள் வந்தன, மறுபடியும் தண்ணீர் இறங்கியது, நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். என் கையும் உள்ளே போயிற்று. இரண்டு மச்சான்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பானைக்குள் கைவிட்டபடி சாமி பக்கத்தில் ஊர்வலம் போவதைப் பார்த்த ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "இன்னா வேண்டுதலோ பாவம்" என்றாள் ஒருத்தி. நம் பாதத்தில் விழுந்தவர்கள் சாமி காலில் விழுந்தவர்களைவிட அதிகம் என்பது என் கணக்கு. என் கை மரத்து, அது உன் கையா என் கையா என்று தெரியாமல் போய்விட்டது.

பட்டறைக்கு வந்ததும் பானையைத் தொட்டிக்குள் முக்கி, பஞ்சைத் தண்ணீருக்குள்ளேயே தள்ளினாய். அது சாம்பல் பூக்கவில்லை. நாறவும் இல்லை. ஒரு வாரம் போயிருக்கும், உன் மனைவி கூண்டுக்குக் கண்ணாடி அளக்க வந்தவள்போல் வந்து தொட்டியை மோந்து பார்த்தாள். நீ பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரை அவளிடமே நீட்டினாய். அதில் ஒரு சொட்டுப் பால். "பக்கத்துல, மெதுவா வுடு" என்றாய்.

விட்டாள். பால் பஞ்சின் விலாவில் பட்டு உள்ளே மறைந்தது. மூன்று பேரும் கண்ணாடியில் மூக்கு அழுந்தக் காத்திருந்தோம். உச்சி வாயிலிருந்து வெள்ளையாக ஒரு இழை, ஊதுவத்திப் புகைபோல மேலே எழுந்தது.

"வுடுது, தோ பாரு, வுடுது" என்றாள் அவள். இன்னொரு சொட்டு விட்டாள்.

வாழ்நாளெல்லாம் இன்ஜின் பெல்ட் மாட்டினால்தான் ஓடும் பம்புகளோடு கிடந்த நீ கண்ணாடியிலிருந்து மூக்கை எடுத்தாய். பிறகு என் பக்கம் திரும்பி, கோயிலில் பேசுவதுபோல் தணிந்த குரலில் கேட்டாய்: "இதுக்கு யாரு மச்சான் பெல்ட்டு மாட்டனது?"

அந்தக் கேள்விதான் நீ எனக்கு விட்டுப்போனது. வேப்பமரம் அடியிலிருந்து உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுவதைப் பார்த்தால் கேட்கிறேன். பேத்தி தூங்கும்போது அவள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக் கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதும் கேட்டேன்.

இப்போது ஒரு ஒப்புதல். காக்கைகளை நம்பவேண்டாம். பாதத்தில் விழுந்தவர்களை நம்பவேண்டாம். ஊர்வலத்தில் என் கை எவ்வளவு நேரம் பானைக்குள் இருந்தது என்பதில்கூட எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் அந்தப் பால் பக்கவாட்டில் உள்ளே போய் மேலே வந்தது, மச்சான். அது மட்டும் நிஜம்.