தொடர்ந்து எட்டு தலை

ஜூன் 3, செவ்வாய்

முதல் வகுப்புக்குப் போய் வந்தேன். சமுதாயக் கல்லூரியின் இரண்டாம் மாடி. மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றுகிறது. அதன் கீழே உட்கார்ந்திருந்தவர் பிளம்பராம். அரை மணி முன்னாலேயே வந்து இடம் பிடித்திருக்கிறார். ஆளைப் பார்த்தாலே சரியில்லை.

'புள்ளியியல் அறிமுகம்.' செவ்வாய், வியாழன், மாலை ஆறு முதல் எட்டு வரை, பத்து வாரம். இதில் தேறினால் பிஸ்கட் கம்பெனியில் எனக்குத் தர ஆய்வாளர் வேலை. இல்லாவிட்டால் இப்போது போலவே அரை மணிக்கு ஐந்து பாக்கெட் எடுத்து எடை போட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பதினான்கு வருடமாக அதைத்தான் செய்கிறேன். லைனில் எனக்கு சிஐடி என்று பெயர். எந்தப் பாக்கெட்டையும் நான் சரி என்று ஒரே தடவையில் ஒப்புக்கொண்டதில்லையாம். ஒப்புக்கொள்ளத்தான் சம்பளம் கொடுக்கிறார்களா என்ன?

டீச்சருக்கு முப்பது வயதுகூட இருக்காது. கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு அதையே அறை முழுக்கத் தேடுகிறாள். எதைக் கேட்டாலும் சிரிக்கிறாள். எதற்கு இவ்வளவு சிரிப்பு?

வீட்டுக்கு வந்தால் இவர், என் வீட்டுக்காரர், தட்டு வைத்துத் தயாராக இருந்தார். கூடவே அந்த நீல நோட்டு. ஏப்ரலில் சர்க்கரை திடீரென்று இறங்கி, பஸ்ஸை ஸ்டாப்பிலேயே நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாரே, அதிலிருந்து வண்டி கிடையாது. டிப்போவில் உதிரிபாக அறையில் போட்டிருக்கிறார்கள். ஜூன் ஒன்று முதல் காலையும் மாலையும் ரத்தம் குத்திப் பார்த்து எழுத வேண்டும். ஜூலை 15 அன்று டிப்போ டாக்டர் நோட்டைப் பார்த்து முடிவு சொல்வார். ஒரு தடவைகூட எழுபதுக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது.

இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய மனிதர். உதிரிபாக அறையில் போல்ட் எண்ணுகிறார்.

ஜூன் 10

வீட்டுப்பாடம்: காசை இருநூறு தடவை சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுதி வர வேண்டும். இதற்கா கல்லூரி? பிளம்பர் என் பக்கம் திரும்பி, "டீ குடிக்கிற நேரத்துல எழுதிடலாம்" என்றார்.

ஜூன் 12

உட்கார்ந்து சுண்டினேன். கட்டை விரல் நகம் வலிக்கிறது. ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அறுபதாவது தாண்டியதும் தலை. மறுபடி தலை. மறுபடி. தொடர்ந்து எட்டு தலை.

காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தேய்ந்த காசோ? இவர் சட்டைப் பையிலிருந்து வேறொன்று எடுத்தேன். அது கொஞ்ச நேரத்தில் ஆறு பூ போட்டது. எல்லாம் பேசி வைத்துக்கொண்டு செய்கிறதுகளா?

இதை அப்படியே கொடுத்தால் அந்தச் சிரிப்பு டீச்சர் என்ன நினைப்பாள்? சுண்டாமலே சோம்பேறித்தனமாகத் தலை தலை என்று எழுதிவிட்டதாகத்தானே? ரப்பர் எடுத்து மூன்றாவதையும் ஆறாவதையும் பூவாக்கினேன். ஆறு பூவின் நடுவில் ஒரு தலை. ஐந்து வந்த இடங்களிலும் கை வைத்தேன். இப்போது பார்க்க நம்பும்படியாக இருக்கிறது.

ஜூன் 17

பூஜ்யம்.

எனக்குப் பூஜ்யம். "கையால் எழுதியது போலிருக்கிறது, வந்து பாருங்கள்" என்று சிவப்பு மையில் ஒரு வரி. பதினேழு பேரில் மூன்று பேருக்கு அப்படி. அதில் ஒருவர் பிளம்பர். அவர் என்னைப் பார்த்து, "நீங்களுமா?" என்று கேட்டாரே, அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது. இருநூறு தடவை சுண்டினேன்யா நான். நகம் பார், நீலம் பாரிச்சு கிடக்கு. யார் போய்ச் சொன்னது இவளுக்கு? வீட்டுக்குள்ள வந்து பார்த்தாளா?

இவர் கேட்டதற்கு நல்ல மார்க் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 19

நான் நுழைந்ததும் இவர் நீல நோட்டைப் பட்டென்று மூடினார். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, நூத்தி இருபத்தி ஒண்ணு" என்றார். கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்?

இன்னொன்று. துவைக்கப் போட்ட பேன்ட் பையில் மிட்டாய்க் காகிதம். ஒன்றல்ல, ஏழு.

ஜூன் 24

டீச்சரைப் பார்க்க ஐந்தரைக்கே போய்விட்டேன். சண்டை போடுவதற்குத்தான் போனேன். அவள் என் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். ரப்பர் போட்ட இடமெல்லாம் பள்ளமாகத் தெரிந்தது.

"இங்க எட்டு தலை வந்துச்சு, இல்லையா?"

"ஆமா. நம்புற மாதிரி இல்லைன்னு மாத்திட்டேன்."

"அய்யோ, அதை அப்படியே விட்டிருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு நம்பியிருப்பேன். இருநூறு தடவை சுண்டினா எங்கயாவது ஏழெட்டு சேர்ந்து வரத்தான் செய்யும். உங்க தாள்ல நாலுக்கு மேல ஒரு இடத்துலகூட இல்லை. பொய் எழுதுறவங்கதான் சேர்ந்து வர்றதுக்குப் பயப்படுவாங்க. காசுக்கு என்ன பயம்?"

அவள் அப்போது சிரிக்கவில்லை. திரும்பச் சுண்டிக் கொண்டு வரச் சொன்னாள். பாதி மார்க் தருவாளாம்.

எல்லோரையும் சந்தேகப்படுகிற நான், யாரும் என்னைச் சந்தேகப்படக் கூடாது என்றுதானே அதைச் செய்தேன். நல்ல கூத்து.

ஜூன் 26

ஐந்து மணிக்கு வந்தேன். இவர் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை, சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. "என்னங்க?" என்றால், "புழுக்கம்" என்கிறார். வாயில் மிட்டாய்.

எனக்கு வந்ததே கோபம். "சர்க்கரை வியாதிக்காரருக்கு மிட்டாய் கேக்குதா? பதினஞ்சாம் தேதி டாக்டர் முன்னால போய் நிக்கணும், ஞாபகம் இருக்கா? சின்னப் பிள்ளையா நீங்க?" என்று கத்தினேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான்" என்றார். இந்த மனிதர் இவ்வளவு சுலபமாகத் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

வகுப்புக்குப் போகும் முன் நோட்டைத் திறந்து பார்த்தேன். இன்று மாலை: 118. இவ்வளவு மிட்டாய் தின்றவருக்கு 118 எப்படி?

ஜூலை 1

இன்று சராசரியும், எண்கள் அதைவிட்டு எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று சொல்லும் விலகலும். டீச்சர் பலகையில் இரண்டு வரிசை எழுதினாள். இரண்டுக்கும் சராசரி நூறு. ஒன்றில் எல்லாம் நூறைச் சுற்றியே. இன்னொன்றில் ஐம்பதும் நூற்றைம்பதும். "சராசரியை மட்டும் சொன்னா ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ரெண்டும் ஒண்ணா?" என்றாள்.

ஏப்ரலில் ஆஸ்பத்திரியில் சொன்னது நினைவுக்கு வந்தது. மூன்று மாதச் சராசரி பிரமாதம், ஒரு குறையும் இல்லை என்றார்கள். அப்படியிருந்தும்தானே பஸ் ஸ்டாப்பில் நின்றது.

வீட்டிலிருந்து முப்பது எண்கள் கொண்டு வர வேண்டுமாம். மின்சார அளவு, குழந்தையின் உயரம், எதுவாக இருந்தாலும் சரி. எங்கள் வீட்டில் எண் என்றால் நீல நோட்டுதான்.

ஜூலை 3, வியாழன்

மதிய இடைவேளையில், காலையில் நீல நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்த மாலைக் கட்டத்தின் முப்பது எண்களைக் கணக்குப் போட்டேன். சராசரி 122. விலகல் 6.

ஆறு. திரும்பப் போட்டேன். ஆறுதான்.

எங்கள் லைனில் இருப்பது இயந்திரம். பசி கிடையாது, கோபம் கிடையாது, ஒரே மாவு, ஒரே அச்சு. அதுவே அரை மணிக்கு ஒரு தடவை ஆடும். இது மனித உடம்பு. ஊசி போட்டுக்கொள்கிற உடம்பு. ஒருநாள் போல் ஒருநாள் சாப்பிடாத மனிதர். அவருக்கு இவ்வளவு ஒழுக்கமா?

பிறகு இன்னொன்றும் கண்ணில் பட்டது. முப்பது நாளில் ஒரே எண் அடுத்தடுத்து இரண்டு நாள் வரவே இல்லை. 119, 124, 117, 126. ஏறினால் இறங்கும், இறங்கினால் ஏறும். இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். இது இவர் கையெழுத்தில்லை. ரப்பரை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேனே, அந்தப் புத்தி.

வகுப்பில் இந்த எண்களைக் கொடுக்கவில்லை. பிஸ்கட் எடையை எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 4

மருந்துக்கடைப் பெண்ணிடம் கேட்டேன். பழைய எண்கள் சர்க்கரை பார்க்கும் மீட்டருக்குள்ளேயே இருக்குமாம். பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் தேதியோடு வருமாம். இவர் குளிக்கப் போனதும் அழுத்தினேன்.

ஜூன் 26, மாலை: 54.

ஜூன் 19: 61. அதற்கு முன்பு 58. மற்றவையும் 90, 160 என்று ஆடுகின்றன. எழுபதுக்குக் கீழே ஒன்பது. நூற்றெண்பதுக்கு மேலே நாலு. எல்லாவற்றையும் நூற்றிருபது பக்கம் இழுத்து எழுதியிருக்கிறார். குத்தாமலில்லை. ஒரு நாள் தவறாமல் குத்தியிருக்கிறார். அசிங்கமாகத் தெரிந்ததை மட்டும் அழகாக்கியிருக்கிறார்.

அந்த மிட்டாய். மயக்கம் வரும்போது பிழைத்துக்கொள்ளத் தின்ற மிட்டாய். அதற்கு நான் கத்தினேன். அவரும் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார்.

ஜூலை 5

சொன்னால் வண்டி போச்சு. சொல்லாவிட்டால்?

நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் பஸ். மாலை ஐந்து மணி. பள்ளிக்கூடம் விட்ட கூட்டம்.

எனக்கு ஏன் இந்த வகுப்பு. பேசாம எடை போட்டுக்கிட்டே இருந்திருக்கலாம்ல.

ஜூலை 6, ஞாயிறு

சொன்னேன்.

முதலில் என்னுடையதைச் சொன்னேன். பூஜ்யம் வாங்கிய தாளை மேஜையில் வைத்தேன். எட்டு தலை வந்ததும், பயந்து மாற்றியதும், நல்ல மார்க் என்று இவரிடம் பொய் சொன்னதும். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சிஐடிக்கே இந்தக் கதியா?" என்றார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

நான் மீட்டரைத் தாளின் மேல் வைத்தேன். சிரிப்பு நின்றது.

"பையில கைவிட்ட. சரி. இதையுமா?"

"இதையும்தான்."

"பதினஞ்சாம் தேதி வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா நீ? வண்டில ஏறிட்டா நான் சரியாயிருவேன். அந்த அறைக்குள்ள உக்காந்துதான் எனக்கு இப்படி ஆகுது."

"ஏப்ரல்ல வண்டிலதானே இருந்தீங்க?"

இவர் மீட்டரைக் கவிழ்த்து வைத்தார். "என்னை டிரைவர்னு கூப்பிடறவங்க யாருமே இல்ல இப்போ. ஸ்டோர்ங்கறாங்க. ஸ்டோர், ரெண்டு வாஷர் எடுன்னு" என்றார். ஆனாலும் சொல்லிவிட்டேன். "நீங்க டாக்டர்கிட்ட சொல்லலைன்னா நான் சொல்லுவேங்க." இத்தனை வருடத்தில் இவரை நான் மிரட்டியது இதுதான் முதல் தடவை.

எழுந்து வெளியே போய்விட்டார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் போனார். மிட்டாய் இருக்கிறதா என்று.

ஜூலை 10

தட்டு வைக்கிறார், பேசவில்லை. மறுபடி சுண்டிக் கொடுத்த தாளுக்குப் பாதி மார்க் வந்தது. அதில் ஏழு பூ சேர்ந்து வந்திருந்தது. தொடவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வகுப்புக்கு மட்டம் போட்டேன். டாக்டர் அறைக்குள் என்னைக் கூப்பிடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இவர் கையில் நீல நோட்டு மட்டும்தான் தெரிந்தது. மீட்டர் எங்கே? விட்டுவிட்டு வந்துவிட்டாரா? கதவு மூடியிருந்த இருபது நிமிஷமும் எழுந்து தட்டிவிடலாமா என்று கால் துடித்தது.

வெளியே வந்தவர் ஒரு சீட்டை நீட்டினார். ஊசி மருந்தின் அளவு பாதிக்கும் கீழே. மூன்று மாதம் கழித்து மறுபடி வர வேண்டும். அதுவரை வண்டி கிடையாது.

மீட்டர் பேன்ட் பையில் இருந்திருக்கிறது.

"ஒன்பதையும் டாக்டரே அழுத்திப் பார்த்தாரு. மருந்துதான் அதிகமாம். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தா காலைல எழுந்திரிச்சிருக்க மாட்டேனாம்" என்றார். மழைக்கு ஒதுங்கியவர் பேசுவது போல யாரையும் பார்க்காமல் சொன்னார். பஸ்ஸில்தான் வந்தோம். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தும் இவர் கடைசி வரிசைக்குப் போனார்.

ஜூலை 24

மாலை: 166. அப்படியே எழுதியிருக்கிறார். நேற்று 97. இன்னும் என்னிடம் முழுசாகப் பேசவில்லை. ஆனால் என் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டு வைத்திருக்கிறார். டிப்போ போஸ்டரின் பின்பக்கம்.

ஆகஸ்ட் 6, புதன்

நாளை பரீட்சை. பிளம்பர் எனக்கு மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று தெரியவில்லை. அதை யோசிக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு இவர் குத்திப் பார்த்தார். நான் எதிரே விலகல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நூத்தி முப்பத்தொண்ணு" என்றார்.

"எழுதுங்க."

எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். "நேத்தும் நூத்தி முப்பத்தொண்ணு. முந்தாநாளும் அதேதான். மூணு நாளும் ஒரே எண் இருந்தா நீ நம்பமாட்ட. இந்தா பாரு" என்று மீட்டரை என் பக்கம் நீட்டினார். நெற்றியில் வேர்வை இல்லை.

"எழுதுங்க" என்றேன். மீட்டரை நான் வாங்கிப் பார்க்கவில்லை.