அயர்லாந்து ஆயரின் சாம்பலுக்கு அம்மா பக்கத்தில் ஓர் இடம்

அனுப்புநர்:
ஜெ. லில்லி,
சத்துணவு அமைப்பாளர் (ஓய்வு),
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.

பெறுநர்:
வட்டாட்சியர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: என் அண்ணன் அருட்திரு தாவீதின் சாம்பலை எங்கள் அம்மாவின் கல்லறையில் வைக்க அனுமதி மறுக்கப்படுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம்.

1. என் அண்ணன் தாவீது அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் திருச்சபை ஆயராக (போதகராக) முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்து, சென்ற மாதம் அங்கேயே காலமானார். அவர் முதன்முதலில் புறப்பட்டபோது எதிர்வீட்டு நெசவாளர் மயில்வாகனம், ஆராதனையில் தோளில் அணியப் பச்சைப் பட்டில் ஒரு துண்டு நெய்து கொடுத்தார். "கோயிலுக்கு நெய்யற கரையவே போட்டுட்டேன்பா, உங்க சாமி கோச்சிக்க மாட்டாரே?" என்று கேட்டார். அயர்லாந்துக்காரர்களோ, பச்சை தங்கள் நாட்டு நிறம் என்று மகிழ்ந்துபோனார்களாம்.

2. அண்ணனுக்கு நான்கு சிற்றூர் ஆலயங்கள் பொறுப்பு. ஞாயிறு காலை மழையில் பழைய காரில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடுவார். "ஆளு கம்மிதான் லில்லி, பாட்டு சத்தத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்று போனில் சிரிப்பார். விடுமுறையில் வந்தால் சைக்கிளில் ஓரிக்கைப் பக்கம் போய், பாலாற்றில் தண்ணீர் வந்திருக்கிறதா என்று பார்த்து வருவார். பெரும்பாலும் வந்திருக்காது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் திரும்புவார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது.

3. அம்மாவின் கல்லறையிலேயே தன்னையும் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உடலை அனுப்பிச் சிரமப்பட வேண்டாம், எரித்துச் சாம்பலை அனுப்புங்கள் என்று அங்கே சொல்லிவைத்திருக்கிறார். அது அங்குள்ள சபையில் வழக்கம்; சாம்பலும் ஒரு சிறு பெட்டியில் வந்து சேர்ந்துவிட்டது. நம்மூரில் கிறிஸ்தவர்களை எரிப்பதில்லை என்பது ஓர் ஆயருக்கே எப்படி மறந்துபோனதோ!

4. எங்கள் கல்லறைத் தோட்டக் குழுத் தலைவர் ஆனந்தகுமார், "எரிச்சத இங்க பொதைக்கிற வழக்கம் இல்லமா, ஆத்துல கரைச்சிடுங்க" என்கிறார். மயில்வாகனம் அண்ணாவும், ஆறுகள் கூடும் திருமுக்கூடலுக்குத் தாமே வண்டி வைத்து அழைத்துப்போவதாகச் சொல்கிறார். அவர் அன்பில் குறையில்லை. ஆனால் அண்ணன் கேட்டது அம்மாவின் பக்கத்தில்.

5. குடும்பக் கல்லறையைத் திறந்து அடுத்தவரை அடக்கம் செய்வது அந்தத் தோட்டத்தில் நடப்பதுதான். முழு ஆளுக்கு இடம் உண்டு, சிறு பெட்டிக்கு இல்லை என்றால் என்ன நியாயம்? எனக்குக் கோபமாக வருகிறது, மன்னிக்கவும்.

ஆகவே குழுவினரை அழைத்துப் பேசி, அனுமதி பெற்றுத்தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நேற்று அண்ணனின் சபையிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். அடக்கம் என்றைக்கு என்று சொன்னால் அதே நேரத்தில் அங்கே ஆலய மணி அடிப்பார்களாம். எங்கள் ஊரில் இடம் தரவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, நல்ல நாள் பார்க்கிறோம் என்று பொய் சொல்லிவிட்டேன். அந்த நாளைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 14.11.2024

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜெ. லில்லி