டெல்லியைக் கேட்டுச் செய்யும் கல்யாணம்

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை. உன் கம்பளிக் கோட்டு. "அடுத்த போஸ்டிங் வெயில் நாடு. இது உங்கிட்டயே கெடக்கட்டும்டி" என்று போன விடுமுறையில் போட்டுவிட்டுப் போனாய். அந்த நாட்டில் வந்த காய்ச்சலில் போயேவிட்டாய்.

எழுபதுகளின் தொடக்கம். நீ வெளியுறவுப் பணியில் சேர்ந்த புதிது. நீ விரும்பிய பொறியாளரின் வீட்டுக்கு தோழி என்று என்னைத் துணைக்கு அழைத்துப் போனாய். இரு வீட்டாரும் சம்மதித்திருந்தார்கள். ஆனால் ஒரு விதியை அவர்களிடம் சொல்லியாக வேண்டும். பெண் அதிகாரி மணம் செய்ய அரசின் அனுமதி வாங்க வேண்டும். மணமான பிறகு, குடும்பம் வேலைக்கு இடைஞ்சல் என்று தோன்றினால் அவளை ராஜினாமா செய்யச் சொல்லலாம்.

அவருடைய அம்மா வடைத் தட்டைக் கீழே வைத்தார். "இன்னாம்மா இது, எம்புள்ளைய கட்டிக்க டெல்லிக்காரனைக் கேக்கணுமா? ஜாதகம் பாக்கறதும் அவன்தானா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை.

"ஆம்பளைங்களுக்கும் இந்த ரூல் உண்டா?" என்று பொறியாளர் கேட்டார்.

"இல்லீங்க."

"அப்ப, அவங்க போகச் சொல்றதுக்கு முன்னாடி நீயே விட்டுடேன்."

"நான் பர்மிஷன் கேக்கறேன். வேலையும் பாக்கறேன். பதில் வர்ற வரைக்கும் காத்துட்டு இருப்பீங்களா?"

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். நீ காபியை நிதானமாகக் குடித்து முடித்தாய். தெருவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்தாய்.

சில ஆண்டுகள் கழித்து அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அதற்குள் அவருக்கு வேறிடத்தில் மணமாகியிருந்தது. ஒரு விடுமுறையில், பௌர்ணமியன்று, மலையைச் சுற்ற வந்தாய். எனக்குச் சாமியில் நம்பிக்கை கிடையாது. உன்னோடு பேசலாம் என்று வந்தேன். அடி அண்ணாமலையில் ஒரு சுண்டல் கடை முன்னால் அவர் நின்றிருந்தார், தோளில் குழந்தையோடு.

"இப்ப எந்தப் பக்கம் இருக்கீங்க?" பேச்சில் மரியாதை கூடியிருந்தது.

"ஐரோப்பாவுலங்க."

"குளிர் ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான்."

அவ்வளவுதான். கொஞ்ச தூரம் வந்ததும், "ரூலை எடுத்துட்டாங்கன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா? கொழந்தைய எறக்கி வெச்சுடுவாரா?" என்றாய்.

நேற்று நீ படித்த பள்ளியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நாட்டுக்காகக் கல்யாணத்தையே தியாகம் செய்தவள் என்று உன்னைப் புகழ்ந்தார்கள். நான் எழுந்து, "அப்படி இல்லீங்க" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேலே பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். நீ எதையும் தியாகம் செய்யவில்லை. உனக்கு இரண்டும் வேண்டியிருந்தது, வாய்விட்டுக் கேட்டாய். அதைச் சொல்ல இனி நான்தான் இருக்கிறேன்.