கப்பலில் கத்துகிற பேர்

16-1-75, வியாழன்

விடிந்ததிலிருந்து வாடைக் காற்று. துவைத்துப் போட்ட துணி இரண்டு தடவை மணலில். மஞ்சள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கவேண்டும், கை ஓடவில்லை. ஞாயிறு முதல் ஓலை! பூசையில் எல்லார் முன்னாலும் சாமியார் என் பேரையும் கஸ்பார் பேரையும் வாசிப்பார். மூன்று ஞாயிறு வாசித்து, தடை சொல்ல ஆளில்லை என்றால் பிப்ரவரி 5 கல்யாணம். கஸ்பார் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வின்ச் ஓட்டுகிறார். இதுவரை இரண்டே தடவை பார்த்திருக்கிறேன். இரண்டாவது தடவை சிரித்தார்.

அண்ணன் அவருடைய கேங்கில்தான் மூட்டை இறக்குகிறான். சாப்பிடும்போது தன்னால் சிரித்துப் புரையேறினான். கேட்டால் சொல்லவில்லை, தடியன்.

17-1, வெள்ளி

கறந்துவிட்டேன் அவனிடமிருந்து. அநியாயம்! துறைமுகத்தில் பொம்பளை பேருக்கெல்லாம் வேறு அர்த்தமாம்.

சரோஜா - சுங்கக்காரர் ஜீப்.
செலின் - பால் காணாத டீ.
கமலா - அரை நாள் மட்டம் போடுவது.
பிலோமினா - வின்ச்சில் தொங்கும் சிலிங் கயிற்றிலிருந்து நழுவி விழுகிற மூட்டை.

மேலே நழுவியதும் கண்டவன் "பிலோமினா" என்று கத்தவேண்டும், கீழே நிற்பவர்கள் தலையைப் பொத்திக்கொண்டு ஓடவேண்டும். எந்தப் புண்ணியவதியின் பேரோ, கேங்கில் ஒருவனுக்கும் தெரியாது. என் பேரும் அதுதானே! அதுவும் வின்ச்காரருக்கு வாக்கப்படுகிறவள். "ஒனக்கு ஆயுசு பூரா பிலோமினாதாம்ல" என்று அவரைக் கேலி செய்கிறார்களாம்.

ஓலை வாசிக்கும்போது கேங் மொத்தமும் பின்னால் நின்று சிரிக்குமே. நினைத்தாலே காது சுடுகிறது.

18-1, சனி

கஸ்பாரின் அம்மா வந்தார்கள். கையில் பனங்கற்கண்டு. குரலைத் தாழ்த்தி அம்மாவிடம்: ஞானஸ்நானப் பேர் மரிய பிலோமினாதானே, ஓலையில் மரியா என்று மட்டும் வாசிக்கச் சொன்னால் என்ன? அம்மா தலையாட்டிவிட்டாள். நேற்று நானே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடுத்தவர் சொல்லிக் கேட்டதும் எனக்கு வந்ததே கோபம். பாதிப் பேரை வாசிப்பதென்றால் ஓலையே வேண்டாம் என்றேன்.

"வாய மூடுளா, கெடச்ச எடம் போயிரும்" என்றாள் அம்மா. அவர்கள் முகம் சுருங்கிவிட்டது. டீயைக்கூடக் குடிக்காமல் போனார்கள். கல்யாணம் போய்விடுமோ. அவர் சிரித்த சிரிப்பை நினைத்து நினைத்து அழுதேன்.

சாயந்திரம் அண்ணன் கையில் துண்டுச் சீட்டு. கஸ்பார் பென்சிலில் எழுதியது. முழுப் பேரையும் சாமியாரிடம் எழுதிக் கொடுத்தாயிற்றாம். நாலு தடவை படித்தேன். இல்லை, ஐந்து.

19-1, ஞாயிறு

என் பேரைச் சாமியார் வாசித்ததுதான் தாமதம், பின்னால் நின்ற ஆண்களில் பத்துப் பன்னிரண்டு பேர் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார்கள்! ஒருவர் தூணுக்குப் பின்னால் பாய்ந்தார். கேலி இல்லை, அத்தனையும் பழக்கம். அண்ணனும்தான். கஸ்பாரின் வலது கை காற்றில் வின்ச் பிரேக்கைத் தேடியது. சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

முதலில் சிரித்தது நான். முந்தியை வாயில் திணித்தும் அடங்கவில்லை. அப்புறம் கோயிலே சிரித்தது. கஸ்பாரின் அம்மாவும்! அப்பாடா.

21-1, செவ்வாய்

அண்ணன் தோள் வீங்கி வந்தான். பூசை முடிந்ததுமே கேங்கில் பேசி வைத்தார்களாம்: நம் வீட்டுப் பிள்ளை பேர், இனி யாரும் அப்படிக் கத்தக்கூடாது. இன்று மூட்டை நழுவியிருக்கிறது. வாய் வரை வந்த பேரை விழுங்கிவிட்டு, வேறு என்ன கத்துவது என்று முழித்திருக்கிறார்கள். மூட்டை அவன் தோளை உரசிப் போனது. ஒரு சாண் தள்ளி என்றால் தலை.

பத்துப் போட்டேன்.

22-1, புதன்

கஸ்பார் வந்தார், அண்ணனைப் பார்க்க. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை படியேறக்கூடாது, வாசலிலேயே நின்றார். அம்மா அடுப்படியில். அண்ணன் தூக்கம். கதவுக்குப் பின்னால் நான்.

"கேங்குல ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரச் சொன்னாவ" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. எதைக் கேட்க வந்தார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கதவை முழுக்கத் திறந்தேன்.

"நல்லா சத்தமா கத்தச் சொல்லுங்க" என்றேன். "கப்பல் பூரா கேக்கணும்."