அப்பா சுமந்துவரும் கடல்தண்ணீர்

பாறசாலை
வியாழக்கிழமை

அன்பு மகள் டெல்னா வாசிக்க அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் வேளைக்குக் கஞ்சி குடித்துக்கொண்டு கிடக்கிறோம், நீயும் மருமகனும் குழந்தையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் மேலைவீட்டு சோனா திங்கட்கிழமை விமானம் ஏறும்போது கொண்டுவரும் சூரைமீன் ஊறுகாய்ப் பொதிக்குள் இதை வைக்கிறேன். என் எழுத்து கோழி கிண்டினது போல இருக்கும், பொறுமையாக வாசி.

உன் தம்பி ரெனில் பைக்கில் அடிபட்டு நம்மை விட்டுப் போய் இந்த ஞாயிறோடு ஏழு மாதம். அவன் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தானே பச்சைப் பொடிமீன், கூட்டமாகத் திரும்பும்போது வெள்ளி போல மின்னுமே, அது ஒன்பது இருந்தது. நீ கேட்கும்போதெல்லாம் சுகமாக நிற்கிறது என்று சொன்னேன், அது பொய் மகளே. இப்போது மூன்றுதான் இருக்கிறது. தொட்டியில் அவன் ஒரு சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறான், தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போகக்கூடாது என்று ஒருநாள் என்னிடம் சொல்லியிருந்தான். எந்தத் தண்ணீர் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடல்மீனுக்குக் கடல்தண்ணீர்தானே என்று அப்பா பொழியூரில் இருந்து வாரம் ஒரு பிளாஸ்டிக் கன்னாசு நிறையச் சுமந்துவந்தார். கரைத்தண்ணீர் கலங்கல் என்று, மீன்பிடிக்கப் போகும் வள்ளம் கடலுக்குள்ளே போன இடத்தில் கோருவார், பஸ்ஸில் கண்டக்டர் திட்டினாலும் மடியில் வைத்துக்கொண்டு வருவார். அடக்கம் கழிந்த பிறகு அந்த மனுஷன் விரும்பிச் செய்தது அது ஒன்றுதான். வாயைத் திறந்து நாலு வார்த்தை என்னிடம் பேசியது இல்லை. தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். மீன் ஒவ்வொன்றாக மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்கிச் செத்தது, அவர் பார்க்கும் முன்னே நான் எடுத்து முருங்கை மரத்து மூட்டில் புதைத்தேன்.

போன வாரம் பொறுக்கமுடியாமல், ரெனில் மீன் வாங்குகிற கடைக்கார வேதமணியைக் கூட்டிவந்தேன். அவர் உப்பு பார்க்கிற ஒரு குழாயில் தொட்டித் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்துப் பார்த்தவர், எக்கா, நீங்க மீன் வளக்கியளா, கருவாடு போடியளா என்று கேட்டார். வெள்ளம் மட்டும்தான் ஆவியா போவும், உப்பு அங்கயே கெடக்குமாக்கும், அதுக்க மேல பின்னயும் கடல்வெள்ளம் விட்டா பாவம் அதுவ என்ன செய்யும் என்றார். குறைகிற அளவுக்கு நல்லதண்ணீர்தான் ஊற்ற வேண்டுமாம். கடலில் பிறந்து வளர்ந்த நமக்கு இது தெரியாமல் போயிற்றே. கடல்தண்ணீர் ஊற்றுவதானால் முதலில் அதே அளவு பழையதைக் கோரிக் களைய வேண்டுமாம். அப்பாவிடம் இதைச் சொன்னால் மகனுடைய மீனைத் தன் கையாலே கொன்றேன் என்று அந்த மனுஷன் உடைந்துபோவார். அதனால் நான் அதிகம் தீனி போட்டுத் தண்ணீர் கெட்டுச் செத்தது, ஆறு போயிற்று என்று அவரிடம் சொன்னேன். எட்டீ, கடல்லேருந்து நான் வெள்ளம் சொமந்து வாறேன், உனக்கு ஒரு நுள்ளு தீனி கணக்கா போடத் தெரியாதா, மண்டையில என்ன களிமண்ணா என்று ஒரு மூச்சுக் கத்தினார். இனி நீ அதுல கைவைக்கப்படாது என்று டப்பாவையும் பிடுங்கிக்கொண்டார். இப்போது மூன்று வேளையும் அவரே போடுகிறார், போட்டுவிட்டு என்னையும் ஏசுகிறார். எனக்கு உடம்பில் தெம்பு இல்லை என்றாலும் அவர் கடலுக்குப் போன பிறகு நல்லதண்ணீர் ஊற்றுகிறேன், அவர் கன்னாசு வரும் நாளில் முன்கூட்டியே ஒரு வாளி கோரிக் களைகிறேன்.

குழந்தைக்குத் தலையில் எண்ணெய் வை, நைட் டியூட்டி கழிந்து பட்டினியாகப் படுக்காதே. உங்கள் மூன்று பேர் தலையிலும் ஆண்டவர் கை இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பா போனில் என்னைக் குறை சொல்லுவார், மீனைக் கொன்றவள் என்பார். நீ எனக்காகப் பரிந்து பேசிவிடாதே, ஆமாம் அப்பா, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லு.

உன் அம்மா
பெர்த்தா