எண்பத்தேழு நிமிடம்

நாள் 409. 08:10

செவ்வாய், வடதுருவ நிலையம். பதிவு எழுதுவது தமயந்தி, நிரல் சரிபார்ப்பாளர். ஆட்கள் இருவர்: நான், இயந்திரப் பொறியாளர் இசக்கிமுத்து. வெளியே கழித்தல் 71 டிகிரி. காற்று, நீர், மின்சாரம் இயல்பு. இந்தப் பருவத்தில் சூரியன் மறைவதில்லை.

எனக்குப் பிறகு இந்த வேலைக்கு வருகிறவருக்கு ஒரு குறிப்பு. இந்த நிலையத்தை ஓட்டுவது ஒரே பெரிய நிரல் அல்ல. இருநூற்றுப் பதினான்கு சின்னச் செயல்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கதவுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, ஒவ்வொரு உடுப்புக்கும் ஒன்று. அவை தடங்கள் வழியாகப் பேசிக்கொள்ளும். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. பெயர் தெரிந்த செயல் அந்தத் தடத்தில் பேசலாம். தெரியாதது பேச முடியாது. அந்தப் பெயரையே ஒரு செயல் இன்னொன்றுக்குக் கையளிக்கவும் செய்யலாம். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு விதிகள் எழுதுவதும், எந்த நிலையிலும் இது சிக்கி நிற்காது என்று நிறுவிக் காட்டுவதும் என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன்.

பூமியோடும் கலங்களோடும் பேசுவது வான்தடம். அதன் பெயர் எந்நேரமும் ஒரே ஒரு செயலிடம்தான் இருக்கும். நான் வைத்த விதி.

நாள் 411. 09:35

இசக்கி வண்டியை எடுத்துக்கொண்டு 23 கிலோமீட்டர் தள்ளியுள்ள அலைக்கம்பத்துக்குப் போயிருக்கிறான். புதிய அலைவாங்கியைச் சோதிக்க வான்தடத்தின் பெயர் வேண்டும். 09:31க்கு அவன் உடுப்புக்குக் கையளித்தேன்.

இசக்கி, குரல்வழி: "யக்கா, பெயர் எங்கிட்ட வந்துட்டு. இனி சாயங்காலம் வர பூமியோட பேசணும்னா எங்கிட்டதான் வரணும், பாத்துக்கிடுங்க."

பேச யாரும் இல்லை என்றேன். சிரித்தான்.

நாள் 411. 13:20

13:02க்குப் பனித்தளம் உடைந்தது. வண்டியோடு இசக்கி பிளவுக்குள் விழுந்திருக்கிறான். ஆழம் இருபது மீட்டர் என்கிறான். இடது கால் முறிவு. உடுப்பில் ஓட்டை இல்லை. வண்டியின் காற்றுக்கலன் ஆறு நாளுக்கு வரும். உடுப்பின் சூட்டுக் கம்பியை வண்டி மின்கலத்தில் சொருகியிருக்கிறான்.

வண்டியின் தரவு அலைபரப்பி நொறுங்கிவிட்டது. வண்டிக்கு நாம் அனுப்புவது போய்ச் சேருகிறது. உடுப்பின் தரவும் வண்டி வழியாகத்தான் வர வேண்டும்; அங்கிருந்து எதுவும் வெளியே வரவில்லை. உடுப்பின் சின்னக் குரல்வானொலி மட்டும் கம்பம் வழியாகக் கேட்கிறது.

நாள் 411. 15:45

வான்தடத்தைத் திரும்பப் பெற முடியவில்லை. கையளிப்பு என்றால் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே கணத்தில் தொட வேண்டும். பாதி கையளிப்பு என்று ஒன்று கிடையாது. அவன் உடுப்பு கொடுக்கத் தயார். நிலையம் வாங்கத் தயார். அவன் பக்கத்துப் பதில் இங்கே வராததால் நடக்கவில்லை. நாற்பது முறை முயன்றாயிற்று. பெயர் என்பது குரலில் சொல்லித் தரக்கூடிய எண்ணும் அல்ல. மனிதர் யாரும் அதைப் பார்க்க முடியாதபடி உள்ளே பூட்டிவைத்ததும் நான்தான்.

நொய்யல் கலம் தென் நிலையத்துக்குப் போகும் வழியில் நம்மைக் கடக்கிறது. கூப்பிட்டால் இறங்கும். கூப்பிட வேண்டிய கடைசி நேரம், நாள் 413, 15:00.

என் நடை உடுப்பில் ஐந்து மணி நேரக் காற்று. இந்தப் பனியில் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்க முடியாது. கணக்கை மூன்று தடவை போட்டேன்.

நாள் 412. 10:15

ஒரு வழி இருக்கிறது. பதிவாளர், அதாவது நான், கையொப்பமிட்டு ஒரு செயலை "முடிவுற்றது" என்று அறிவிக்கலாம். ஆள் இறந்தால் செய்வது. அறிவிப்புக்குப் பதில் தேவையில்லை. அதைக் கேட்ட மாத்திரத்தில் எல்லாச் செயல்களும் அவனோடுள்ள தடங்களை மூடிவிடும். அவனிடமிருந்த பெயர் செல்லாததாகிவிடும். நிலையம் வான்தடத்துக்குப் புதுப் பெயர் போட்டுக்கொள்ளும்.

குரல்தடமும் மூடும். அதன்பின் அவன் பேசினால் எனக்குக் கேட்காது. திறக்க வழி இல்லை. முடிந்தது மறுபடி தொடங்காது என்பதும் விதி.

இசக்கியிடம் சொன்னேன்.

"இதுக்கு என்னத்துக்குக்கா இவ்வளவு யோசன? எழுதிருங்க. பேருக்குத்தான செத்தவன். கப்பல்காரன் வந்து எட்டிப் பாத்தா நான் இங்கன கெடக்கப் போறேன்."

"உன் குரல் கேக்காது இசக்கி."

"ஒரு நாள் என் சத்தம் கேக்காம நிம்மதியா இருங்களேன்."

முடியாது என்றேன். வேறு வழி தேடுகிறேன் என்றேன்.

நாள் 412. 18:30

வேறு வழி இல்லை. தேடினேன்.

அவன் மனைவி பேச்சியம்மாளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். வள்ளியூரில் வீட்டு மாடி கட்டுகிறார்களாம். படிக்கட்டு உள்ளே வேண்டுமா வெளியே வேண்டுமா என்று சண்டையாம். "நான் வெளியதான் சொன்னேன். அவ உள்ளங்கா. சரி, உள்ளயே வச்சுக்கோன்னு சொல்லிரலாம்னு இருக்கேன்." கால் வலி குறைந்துவிட்டது என்றான். குறையக் கூடாது.

நாளைக் காலை எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நாள் 413. 05:14

இசக்கி: "யக்கா, கொஞ்சம் கண்ண மூடிக்கிடுதேன். நீங்க எழுதிருங்க, என்ன?"

நாள் 413. 08:00

கூப்பிட்டேன். பதில் இல்லை. எழுதவில்லை. தூங்குகிறான் என்று வைத்துக்கொண்டேன்.

நாள் 413. 12:40

ஏழரை மணி நேரம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறேன்.

நான் வகுப்பெடுக்கும்போது முதல் நாள் சொல்வது. ஒரு செயல் என்னவென்பது, அது வெளியே யாரோடு என்ன பேசுகிறது என்பது மட்டுமே. உள்ளுக்குள் அது செய்துகொள்வது கணக்கில் இல்லை. உள்ளே ஓயாமல் எதையோ செய்துகொண்டு வெளியே ஒன்றும் பேசாத செயலும், ஒன்றுமே செய்யாமல் முடிந்துபோன செயலும் எங்கள் கணக்கில் சமம். ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்கலாம். எந்தச் சோதனையும் இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஒரு மாணவி கை தூக்கி, "அதெப்படி மேடம் சமம்?" என்று கேட்டாள். பலகையில் எழுதிக் காட்டினேன். ஒத்துக்கொண்டாள்.

சாப்பிட்டேன். உப்புமா. முழுவதையும் சாப்பிட்டேன்.

நாள் 413. 14:06

எழுதினேன். செயல் 88, உடுப்பு, இசக்கிமுத்து. முடிவுற்றது. கையொப்பம் தமயந்தி.

ஒரு நொடிகூட ஆகவில்லை. வான்தடம் நிலையத்துக்கு வந்துவிட்டது. திரையில் இருநூற்றுப் பதின்மூன்று செயல்கள்.

நாள் 413. 14:21

கேப்டன் ரத்தினசாமி, நொய்யல்: "வடதுருவம், ரெண்டு நாளா உங்க சத்தமே இல்லையே. என்ன ஆச்சு?"

சொன்னேன்.

"எங்க திரையில அங்க ஒருத்தர்தான்னு காட்டுது."

"ரெண்டு பேர். ஒருத்தர் பனிப்பிளவுல இருக்கார். இடம் அனுப்பியிருக்கேன். முதல்ல அங்க போங்க."

"உயிரோட இருக்காரா?"

"தெரியல."

"சரிம்மா. இறங்கு கலத்த அனுப்புறோம்."

நாள் 413. 20:15

இறங்கு கலம் 19:40க்குப் பிளவை அடைந்தது. கயிறு கட்டி இருவர் இறங்கினார்கள். இசக்கி இறந்திருந்தான். வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். கைகள் அக்குளில்.

நாள் 415. 11:00. நொய்யல் கலத்திலிருந்து

உடுப்பின் உட்பதிவைக் கேட்டு வாங்கினேன். இங்கே அப்படியே பதிகிறேன்.

05:15. குரல்வானொலி கையால் அணைக்கப்பட்டது. மின்சாரம் சூட்டுக் கம்பிக்கு மாற்றப்பட்டது.
05:15 முதல் 14:06 வரை. நாடித்துடிப்பு உண்டு. உடல் வெப்பம் நிலையாக உள்ளது.
14:06. சூட்டுக் கம்பிக்கு மின்சாரம் நின்றது.
14:09 முதல் 14:50 வரை. கம்பி பதினேழு முறை கழற்றிச் சொருகப்பட்டது.
15:31. நாடித்துடிப்பு இல்லை.

வண்டி மின்கலத்தில் இன்னும் பதினொரு மணி நேரத்துக்குச் சூடு இருந்தது.

நடந்தது இது. வண்டி சூட்டுக்கு மின்சாரம் விடுவதும் ஒரு தடம். இரண்டு வருடத்துக்கு முன் மின்பிரிவு சேர்த்தது. நான் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். உடுப்பு முடிவுற்றது என்று வண்டி கேட்டது. முடிந்ததற்குச் சூடு எதற்கு? மூடிவிட்டது. எல்லாம் விதிப்படி.

கம்பி பழுது என்று நினைத்திருக்கிறான். பதினேழு முறை.

நாள் 416. 16:20

நாள் 413இன் நிகழ்வுகள் முழுவதையும் சரிபார்ப்பு நிரலில் ஏற்றி ஓட்டினேன். எங்கே விதி மீறப்பட்டது என்று காட்டச் சொன்னேன்.

விடை: "மீறல் எதுவும் இல்லை. எல்லாப் பண்புகளும் நிறைவேறின."

மறுபடி ஓட்டினேன். அதே விடை. நான் நிறுவிக் காட்டியது சரி. அதில் ஒரு வரிகூடத் தப்பில்லை.

அழுகை வரவில்லை. கலத்தின் மருத்துவர் அது பரவாயில்லை என்கிறார்.

நாள் 418. 10:05

கேப்டன் அறைக்குக் கூப்பிட்டார். அலுவலகத்துக்குப் போகும் அறிக்கையில் இறந்த நேரம் 14:06 என்றிருக்கிறது. நிலையத்தின் அதிகாரபூர்வப் பதிவு அதுதான். உட்பதிவு பற்றி அதில் இல்லை.

"நீங்க வேணும்னு செய்யல. அந்தப் பொண்ணுக்கு இது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? விட்டுடுங்கம்மா."

சரி என்றேன். அந்த நேரத்தில் எதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

நாள் 431. 09:50

பேச்சியம்மாளிடமிருந்து எனக்குத் தனிச்செய்தி, குரலில். எழுத்தில் இறக்குகிறேன்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? அவுக உங்களப் பத்தி நெறையச் சொல்லுவாக. ஒண்ணு கேக்கணும். ஆபீஸ் கடிதத்துல நம்ம நேரம் வெள்ளிக்கெழம காலைல அஞ்சு இருவதுன்னு போட்டிருக்கு. திதி குறிக்க அய்யர்ட்ட போனோம். அன்னைக்கு ஆறு மணிக்கு தசமி முடிஞ்சு ஏகாதசி பொறந்துருதாம். நேரம் கரெக்ட்தானா, நல்லா கேட்டுக்கிடுங்கன்னார். வருசா வருசம் குடுக்கணும்லாக்கா, தப்பாயிரக் கூடாது. கூட இருந்தது நீங்கதான். அஞ்சு இருவதுதானாக்கா?"

நாள் 431. 13:30

14:06 என்பது இந்திய நேரம் 5:20. 15:31 என்பது 6:47. செவ்வாயின் நிமிடம் பூமி நிமிடத்தைவிடச் சற்று நீளம் என்பதால் எண்பத்தைந்து, எண்பத்தேழாகிறது. நான்கு முறை சரிபார்த்தேன்.

5:20 தசமி. 6:47 ஏகாதசி.

ஏகாதசி என்று மட்டும் சொன்னால், கடிதத்தில் ஏன் வேறு என்று கேட்பாள். தசமி என்று சொன்னால் எதுவும் கேட்கமாட்டாள்.

நாள் 431. 15:02

அனுப்பியது:

"பேச்சி, கடிதத்தில் இருப்பது தப்பு. ஆறு நாற்பத்தேழு. ஏகாதசி. அஞ்சு இருபது என்பது நான் இசக்கியை முடிந்தவன் என்று எழுதிய நேரம். அப்போது அவன் உயிரோடு இருந்தான். நான் எழுதியதால் அவனுக்குச் சூடு நின்றது. அதன்பின் எண்பத்தேழு நிமிடம் இருந்தான். உட்பதிவை இதோடு இணைத்திருக்கிறேன். படிக்கட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளச் சொன்னான்."

கேப்டனிடம் கேட்கவில்லை.

நாள் 431. 15:10

செய்தி பூமிக்குப் போய்ச் சேரப் பதினான்கு நிமிடம் ஆகும். எட்டு நிமிடம் ஆயிற்று. அனுப்பியதை மறுபடி படிக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் இனித் திருத்த முடியாது.

வள்ளியூரில் இப்போது மாலை. அவள் வீட்டில் இருப்பாள். அவளுக்கு இன்னும் தெரியாது. ஆறு நிமிடம்.

ஐந்து.